பன்னிரண்டு பேரும் ஒரு பிடி எள்ளும்: ராமநாதபுரம் கடற்கரையில் திதி கொடுக்கப் போகிறவர்களுக்கு

அப்பாவின் தலைத்திவசம் முடிந்து வந்த முதல் தை அமாவாசைக்குச் சேதுக்கரை போயிருந்தோம். முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறேன். ஐயர் அப்பா பெயரைக் கேட்டார், சொன்னேன். தாத்தா பெயர் சொன்னேன். பூட்டன் பெயரைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அடுத்து, "உங்க அப்பத்தாவோட மாமியார் பேரு?" என்றார். வாயில் வார்த்தையே வரவில்லை. பின்னால் இருபது பேர் காத்து நின்றார்கள். "பரவால்ல, மேல சொல்லுங்கோ" என்று அவர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். எள் கரைந்து போனது. எனக்கு மட்டும் அன்று முழுக்க ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இந்தக் கரைக்கு வந்துவிடுகிறேன். சொந்தக்காரர்கள் போன் போட்டு என்ன வாங்க வேண்டும், எங்கே போக வேண்டும், எவ்வளவு கேட்பார்கள் என்றுதான் விசாரிப்பார்கள். அதையெல்லாம் சொல்லத்தான் போகிறேன். ஆனால் முதல் வேலை கடலில் இல்லை, வீட்டில் இருக்கிறது.

முதலில் ஒரு நோட்டு எடுங்கள்

முழுத் தர்ப்பணத்துக்குப் பன்னிரண்டு பெயர் வேண்டும். அப்பா, தாத்தா, பூட்டன். அம்மா, அப்பத்தா, அப்பத்தாவின் மாமியார். இது அப்பா வழி ஆறு. அம்மா வழியில் அம்மாவின் அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா. பெண்களில் அம்மாச்சி, அவருடைய மாமியார், அந்த மாமியாரின் மாமியார். மொத்தம் பன்னிரண்டு. அம்மா உயிரோடு இருந்தால் அவரை விட்டுவிட்டு அப்பத்தாவில் தொடங்கி மேலே ஒரு தலைமுறை கூட்டிக்கொள்வார்கள். அம்மாவின் அப்பா உயிரோடு இருந்தால் அந்த வழியை அப்படியே விட்டுவிடலாம்.

உங்கள் அப்பா இருக்கிறார் என்றால் உங்களுக்கு அமாவாசைத் தர்ப்பணமே கிடையாது. தகப்பன் இருக்கையில் பிள்ளை எள்ளைத் தொடக் கூடாது என்று ஊரில் சொல்வது இதைத்தான். அம்மா தவறி அப்பா இருக்கும் வீட்டில், அம்மாவின் வருஷத் திதியை மட்டும் மகன் கொடுப்பார்.

சரி, பெயர்களை எங்கே தேடுவது? வீட்டில் இருக்கும் வயதான அத்தையைக் கேளுங்கள், மாமாவைக் கேட்பதைவிட அதில் பலன் அதிகம். ஆண்களுக்கு அப்பன் பாட்டன் பெயர் தெரியும். பாட்டியின் மாமியார் பெயரை ஞாபகம் வைத்திருப்பது, அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பெண்கள்தான். அடுத்தது பழைய நிலப் பத்திரம். "இன்னார் குமாரன் இன்னார்" என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, குலதெய்வக் கோயில் வரிப் பட்டியல், பங்காளி வீட்டுப் படத்துக்குக் கீழே எழுதியிருப்பது எல்லாமே உதவும். எங்கள் பூட்டியின் பெயர் கடைசியில் ஒரு பித்தளைக் குடத்தின் கழுத்தில் வெட்டியிருந்தது. அம்மா வழி அத்தை வீட்டுப் பரணில் இருபது வருஷமாகக் கவிழ்ந்து கிடந்த குடம்.

பெயர் கிடைக்கவே இல்லையா, அதற்கும் வழி உண்டு. பெயர் தெரியாதவர்களையும் சேர்த்துச் சொல்லும் மந்திரம் தர்ப்பணத்தில் இருக்கிறது. கோத்திரம் தெரியாதவர்கள் சிவ கோத்திரம் என்றோ விஷ்ணு கோத்திரம் என்றோ சொல்லிக்கொள்வது வழக்கம். ஆனால் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் போவது வேறு, தேடாமலே போய் நிற்பது வேறு.

அந்த நோட்டிலேயே ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் இறந்த நாளை எழுதுங்கள். ஆங்கிலத் தேதி போதாது. தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி, இந்த மூன்றும் வேண்டும். இறப்புச் சான்றிதழில் தேதி இருக்கும், உயிர் போன நேரம் இருக்காது. நேரத்தை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே தேதியில் இரண்டு திதி வரலாம். நடு இரவுக்குப் பிறகு, விடிவதற்குள் போனவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஐயர் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

எந்த நாள்

வருஷத் திதி என்பது இறந்த தமிழ் மாதத்தில், இறந்த திதி வரும் நாள். அந்தத் திதி பிற்பகலில், அபராண்ணம் என்று சொல்லும் வேளையில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்குதான் அபராண்ணம், ஏறத்தாழ ஒன்றேகால் மணியிலிருந்து மூன்றரை வரை. காலண்டரில் காலையில் போட்டிருக்கும் திதியை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஒரு நாள் முன்பின் ஆகிவிடும். ஒரே மாதத்தில் அதே திதி இரண்டு தடவை வந்தால் பொதுவாகப் பின்னால் வருவதை எடுத்துக்கொள்வார்கள்.

அமாவாசைக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. மாதாமாதம் கொடுக்கிறவர்கள் உண்டு. சாஸ்திரக் கணக்கில் வருஷத்துக்குத் தொண்ணூற்றாறு தர்ப்பணம்: அமாவாசை 12, மாதப் பிறப்பு 12, மன்வாதி 14, யுகாதி 4, மகாளயம் 16, அஷ்டகை வகை 12, வைதிருதி வியதீபாதம் 26. இதை முழுக்கச் செய்கிற ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு ஆடி, புரட்டாசி, தை என்று மூன்று அமாவாசைதான். முடிந்தால் வருஷத் திதியும்.

புரட்டாசி அமாவாசைக்கு முந்தைய பதினைந்து நாளும் மகாளய பட்சம். பரணி, அஷ்டமி நாட்களுக்கு அதில் தனி மதிப்பு. சுமங்கலியாகப் போனவர்களுக்கு நவமி, சந்நியாசிகளுக்குத் துவாதசி, விபத்திலும் ஆயுதத்தாலும் இறந்தவர்களுக்குச் சதுர்த்தசி. மற்ற நாட்களில் நாம் திதி கொடுக்க வழியில்லாதவர்களுக்கு, அதாவது சித்தப்பா, பிள்ளை இல்லாத அத்தை, வாத்தியார், கூட்டாளி எல்லோருக்கும் கொடுக்க இடமுள்ள காலம் இது. திதி தெரியாதவருக்கும் மகாளய அமாவாசை போதும்.

எந்தக் கரை

ராமேஸ்வரம்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த மாவட்டக் கரையில் நான்கு இடம் இருக்கிறது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம், திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் சேதுக்கரை, தேவிபட்டினம் நவபாஷாணம், சாயல்குடிப் பக்கம் மாரியூர். ஆடி அமாவாசையன்று நான்கிலும் கூட்டம் நெரியும்.

கரையைத் தேர்ந்தெடுக்கக் கோயில் பெருமையைவிடக் காற்றைப் பாருங்கள் என்பேன். இது எனக்கு ஒரு மீனவர் சொன்னது. ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும், அப்போது மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் முரடாக இருக்கும். பாக் விரிகுடாப் பக்கமான அக்னி தீர்த்தமும் தேவிபட்டினமும் குளம் போலக் கிடக்கும். தையில் வாடை வந்துவிட்டால் தலைகீழ், வடக்குப் பக்கம் அலையும் கலங்கலுமாக இருக்கையில் சேதுக்கரை அடங்கியிருக்கும். வயதான அம்மாவையோ நடக்கச் சிரமப்படுகிற பெரியப்பாவையோ கூட்டிப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். தனுஷ்கோடியில் வடக்குக் கடலைப் பெண் கடல், தெற்குக் கடலை ஆண் கடல் என்பார்கள். இரண்டும் சேருகிற அரிச்சல்முனையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முழுக்குப் போடும் இடம் அதுவல்ல. இழுப்பு அதிகம். மாலையானால் போலீஸ் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடும்.

அமாவாசையன்று சில சமயம் கடல் உள்வாங்கிக் கிடக்கும். பாறையும் பாசியும் தெரியும். பயப்பட ஒன்றும் இல்லை, கொஞ்சம் பொறுத்தால் தண்ணீர் ஏறும். செருப்பில்லாமல் நடந்தால் காலைக் கிழிக்கும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது சேதுக்கரை. ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் போனால் திருப்புல்லாணி, அங்கிருந்து கடல் நாலைந்து கிலோமீட்டர். கரையில் கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர். திரும்பும்போது திருப்புல்லாணியில் ஆதிஜெகந்நாதப் பெருமாளைப் பார்த்துவிடலாம். 108 திவ்ய தேசத்தில் ஒன்று. உள்ளே தர்ப்பசயன ராமர் இருக்கிறார். இலங்கைக்கு வழி கேட்டுக் கடலரசனை நோக்கித் தர்ப்பைப் புல்லை விரித்து மூன்று நாள் கிடந்த கோலம். ஊர்ப் பெயரிலேயே அந்தப் புல் இருக்கிறது. காலையில் நாம் விரலில் மாட்டிய அதே புல்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல் நிற்கும். அணை கட்டும் முன் ராமர் நவக்கிரகங்களை வைத்து வணங்கிய இடம் என்பது நம்பிக்கை. நடைமேடை போட்டிருக்கிறார்கள். கிரக தோஷம், கல்யாணத் தடை என்று வருகிறவர்களும் சேருவதால் சனிக்கிழமையில் திதிக்குப் போகாதீர்கள்.

கொண்டு போக வேண்டியவை

கறுப்பு எள் நூறு கிராம் தாராளம். தர்ப்பை ஒரு கட்டு. பச்சரிசி அரைக்கிலோ, வாழைக்காய் இரண்டு, வெல்லம் கொஞ்சம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, தேங்காய், ஊதுபத்தி, சூடம், ஒரு தாம்பாளம், செம்பு. தானம் கொடுக்க வேட்டி துண்டு. மாற்றுத் துணி. எல்லாமே கரையில் கிடைக்கும், ஆனால் அங்கே விற்கும் எள்ளில் மண் இருக்கும். எங்கள் வீட்டில் முதல் நாளே எள்ளைப் புடைத்து ஓலைக் கொட்டானில் போட்டு வைத்துவிடுவோம். கொட்டான் நனைந்தாலும் கவலை இல்லை, அங்கேயே விட்டாலும் மட்கிவிடும். பாலிதீன் பை வேண்டாம்.

அதோடு அந்த நோட்டு. அல்லது பன்னிரண்டு பெயரையும் எழுதிய ஒரு தாள், நனையாமல் சட்டைப் பையில்.

முதல் நாள் இரவு எளிய சாப்பாடு. கறி மீன் கிடையாது. அன்றைக்குக் காலையில் வாசலில் கோலம் போட வேண்டாம், பூஜையில் மணி அடிக்க வேண்டாம். சாமி பூஜை, தென்புலத்தாருக்கு, அதாவது முன்னோருக்கு, செய்து முடித்த பிறகுதான்.

கரையில் செய்வது

முதலில் கடலில் முழுக்கு. மற்ற இடங்களில் கடலாட நாள் பார்க்க வேண்டும், சேதுவில் எந்த நாளும் ஆடலாம் என்பார்கள். மூன்று முழுக்குப் போட்டு எழுந்தால் போதும். ஈரத் துணியோடு கொடுப்பதானால் தண்ணீருக்குள் நின்று கொடுக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து கொடுப்பதானால் உலர்ந்த துணிக்கு மாறிவிட வேண்டும். ஈரத் துணியோடு கரையில் உட்காருகிறவர்கள்தான் அதிகம். ஐயர்களும் அவசரத்தில் சொல்வதில்லை.

ஐயர் கிடைக்காத இடத்திலோ, வீட்டிலோ, நீங்களே செய்வதானால் இப்படி.

தெற்குப் பார்த்து உட்காருங்கள். மூன்று தர்ப்பைப் புல்லை முறுக்கி முடிந்த பவித்திரத்தை வலது கை மோதிர விரலில் போடுங்கள். நல்ல காரியத்துக்கு இரண்டு புல், தென்புலத்தாருக்கு மூன்று. பூணூல் போடுகிறவர்கள் அதை வலது தோளுக்கு மாற்றுவார்கள். நம்மில் பலர் துண்டை அப்படிப் போட்டுக்கொள்கிறோம். தாம்பாளத்தில் தர்ப்பையால் முடிந்த கூர்ச்சத்தை வையுங்கள். முன்னோர் வந்து அமரும் ஆசனம் அதுதான். பிறகு சங்கல்பம்: இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன பட்சம், இன்ன திதியில், என் அப்பா வழி அம்மா வழி முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் கொடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சமஸ்கிருதம் தெரிந்தால் அதில். தெரியாவிட்டால் தமிழில், தலை நிமிர்ந்து. தப்பும் தவறுமாக மந்திரத்தை முணுமுணுப்பதைவிட, புரிகிற மொழியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மேல் என்பது என் கருத்து. இதற்கு என் பெரியப்பா ஒப்புக்கொள்ள மாட்டார்.

இனி தண்ணீர். வலது கையில் கொஞ்சம் எள்ளை எடுத்துக்கொண்டு, இடது கையால் செம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றுங்கள். தண்ணீர் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழிந்து கூர்ச்சத்தின் மேல் விழ வேண்டும். கையில் அந்த இடத்துக்கே பித்ரு தீர்த்தம் என்று பெயர். விரல் நுனி வழியாக விட்டால் அது தேவர்களுக்கு. அப்பாவின் பெயர் சொல்லி மூன்று தடவை. தாத்தா பெயரில் மூன்று. பூட்டன் பெயரில் மூன்று. அப்பாவை வசு வடிவம், தாத்தாவை ருத்திர வடிவம், பூட்டனை ஆதித்திய வடிவம் என்று நினைத்துக்கொள்வது முறை. பிறகு பெண்கள், பிறகு அம்மா வழி. அவசரப்படாதீர்கள். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் அந்த முகத்தை நினைக்க ஒரு மூச்சு நேரம் விடுங்கள். பார்க்காத முகமாக இருந்தாலும் பெயர் இருக்கிறதே.

கடைசியாக ஒரு கைப்பிடி. தாயும் இல்லாமல், தகப்பனும் இல்லாமல், கூடப் பிறந்தவர்களும் உறவும் இல்லாமல் போனவர்கள் எல்லோரும் நான் விடும் இந்தத் தர்ப்பைத் தண்ணீரால் நிறைவடையட்டும் என்று ஒரு மந்திரம் வரும். பெரும்பாலும் ஐயர் இந்த இடத்தில் வேகத்தைக் கூட்டிவிடுவார், அடுத்த ஆள் காத்திருப்பார். கேட்டு நிறுத்திச் சொல்லுங்கள். இதற்குத் திரும்ப வருகிறேன்.

முடிந்ததும் பவித்திரத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு, தாம்பாளத்துத் தண்ணீரையும் எள்ளையும் கடலில் விடுங்கள். வீட்டில் செய்தால் செடியடியில் ஊற்றலாம், சிங்க்கில் கொட்டாதீர்கள்.

பிண்டம் வைப்பதானால் வடித்த சோறு அல்லது பச்சரிசி மாவோடு எள், வாழைப்பழம், கொஞ்சம் நெய், தேன் சேர்த்துப் பிசைந்து மூன்று உருண்டை பிடித்து, தர்ப்பை மேல் வைத்து எள் தண்ணீர் விட்டு, வணங்கிக் கடலில் கரைக்க வேண்டும். சாதாரண அமாவாசைக்குப் பிண்டம் தேவையில்லை. வருஷத் திதிக்கும், ராமேஸ்வரம் போன்ற தீர்த்தத்துக்கு வந்ததற்காகக் கொடுக்கும் திதிக்கும் வைப்பார்கள்.

பெண்கள் கொடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பழைய முறையில் எள் இறைப்பது மகன், மகன் இல்லாவிட்டால் பேரன், தம்பி, பங்காளி. மனைவியோ மகளோ தர்ப்பையைக் கொடுத்து இன்னொருவரைச் செய்யச் சொல்வதற்கும் வழி உண்டு. இந்தக் கரையில் இப்போது மகள்கள் நேரடியாக உட்கார்ந்து கொடுப்பதைப் பார்க்கிறேன். சில ஐயர்கள் தயங்குகிறார்கள், சிலர் மறு வார்த்தை பேசாமல் பவித்திரத்தை நீட்டுகிறார்கள். மகள் மட்டும் இருக்கும் வீட்டில், மூன்றாம் தெருப் பங்காளியைக் கெஞ்சிக் கூட்டி வருவதைவிட மகள் கொடுப்பது நல்லது. முதல் நாளே கேட்டு, ஒத்துக்கொள்கிறவரிடம் போங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு வாதாடினால் மனசுதான் கெடும்.

ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு மட்டும்

ராமநாதபுரத்திலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. அமாவாசை என்றால் முதல் நாள் மாலையே போய்விடுங்கள்.

வரிசை இதுதான்: முதலில் அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, அங்கே திதி, பிறகு ஈரத் துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தம், பிறகு உலர்ந்த துணிக்கு மாறி ராமநாதசுவாமி தரிசனம். ஈரத்தோடு சன்னதிக்குப் போக விடமாட்டார்கள். போனையும் உள்ளே விடமாட்டார்கள். தீர்த்தம் ஒவ்வொன்றிலும் ஆள் நின்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். கங்கை, யமுனை, கயா எல்லாம் அந்த 22-க்குள் கிணறாகவே இருக்கிறது, கடைசியில் கோடி தீர்த்தம். கல் தரை வழுக்கும். பெரியவர்களை ஓரமாகக் கைபிடித்துக் கூட்டிப் போங்கள். மதியம் ஒரு மணி வாக்கில் நடை சாத்தி மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் திதியைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

காசிக்கும் போக நினைத்திருக்கிறவர்கள் இங்கே தொடங்க வேண்டும். சேது மண்ணில் மூன்று லிங்கம் பிடித்துப் பூஜை செய்து, சேது மாதவர், பிந்து மாதவர் என்ற இரண்டைக் கடலில் கரைத்துவிட்டு, வேணி மாதவரை மட்டும் எடுத்துப் போய்ப் பிரயாகையில் கரைப்பார்கள். அங்கிருந்து கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால் யாத்திரை முடிந்தது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டிலேயே ஒருவர் எங்களைப் பிடித்து ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார். உட்கார்ந்ததும் பித்ரு தோஷம் இருக்கிறது, தில ஹோமம் செய்யாவிட்டால் பிள்ளைகளுக்கு ஆகாது என்றார்கள். அம்மா முகம் வெளிறிவிட்டது. கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வந்தோம். தில ஹோமம் என்பது உண்மையான சடங்குதான். விபத்தில், அகாலத்தில் போனவர்களுக்காகச் செய்வார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்து, நீங்களாக விரும்பினால் செய்யுங்கள். முகத்தைப் பார்த்து தோஷம் சொல்கிறவரிடம் செய்யாதீர்கள். சங்கல்பத்துக்கு உட்காரும் முன்பே தட்சிணை எவ்வளவு, சாமான் அதற்குள் அடக்கமா, ஹோமம் தனியா என்று கேட்டுவிடுங்கள். நல்ல ஐயர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இன்னொன்று துணி. குளித்த வேட்டி சேலையைக் கடலிலேயே விட்டுவிட்டால் பீடை போகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அமாவாசைக்கு மறுநாள் அக்னி தீர்த்தக் கரையைப் பார்த்தால் தெரியும். முழுக்குப் போடுகிறவர்களின் காலைச் சுற்றும், மீன் வலையில் சிக்கும். திதி முறையில் அப்படி ஒரு விதியே இல்லை. துணியைப் பிழிந்து வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

உடல் கிடைக்காமல் போனவர்கள்

கடற்கரை மாவட்டத்தில் இந்தக் கேள்வி எப்போதும் உண்டு. கடலுக்குப் போய்த் திரும்பாதவருக்கு எந்தத் திதி? காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, தர்ப்பையால் உருவம் செய்து, அதைத் தகனம் செய்து காரியம் நடத்துவது பழைய முறை. இறந்தது உறுதி என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. நாள் தெரிந்தால் அந்தத் திதி, தெரியாவிட்டால் அவர் புறப்பட்ட மாதத்து அமாவாசை.

எங்கள் அப்பத்தாவின் தம்பி ஒருவர் தனுஷ்கோடியில் கடையில் வேலை பார்த்தவர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை எட்டும் முன்பே பயணிகளோடு கடலுக்குள் போனது. அவரும் போனார், உடல் கிடைக்கவில்லை. கல்யாணம் ஆகாதவர், பிள்ளை கிடையாது. பன்னிரண்டு பேர் பட்டியலில் அவருக்கு இடமே இல்லை. பாட்டன் பூட்டன் வரிசையில் தாய்மாமனுக்கு ஏது இடம்? அப்பத்தா இருந்தவரை, மார்கழித் தேய்பிறை வந்தால் வாசலில் ஒரு விளக்கை மட்டும் வைப்பார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

மந்திரத்தின் கடைசியில் வரும் அந்தக் கைப்பிடி இப்படிப்பட்டவர்களுக்குத்தான். மகாளயத்தில் பெயர் சொல்லியே கொடுக்கலாம். நேர் வரிசையில் வராத இவர்களுக்குக் காருண்ய பித்ருக்கள் என்று தனி வரிசையே இருக்கிறது. குரோதி வருஷத்தில் போனவர் அவர். அறுபது வருஷம் சுற்றி 2024-இல் மறுபடி குரோதி வந்தது. அந்த மார்கழியில் தனுஷ்கோடிப் பெண் கடல் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்று, அவர் பெயரை மூன்று தடவை சொல்லி எள் விட்டேன். நோட்டில் பதின்மூன்றாவது வரி அவருடையது.

வீட்டுக்கு வந்த பிறகு

கடலில் கொடுத்துவிட்டு ஓட்டலில் பொங்கல் வடை சாப்பிடுவது பலருடைய வழக்கம். தப்பென்று சொல்ல வரவில்லை. ஆனால் படையலும் காக்கைச் சோறும் வீட்டில்தான். கூடவந்தவர்களோடு இரண்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவது போலப் போங்கள். வீட்டில் இருக்கிறவர்கள் அதற்குள் சமைத்திருக்க வேண்டும்.

வெங்காயம், பூண்டு, முருங்கை, கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் சேர்க்காத சமையல். வாழைக்காய், சேனை, புடலங்காய், அவரை, பாகற்காய், பாசிப்பருப்பு சேர்க்கலாம். முண்டு மிளகாய் விளைகிற சீமையில் அன்று ஒருநாள் மட்டும் அடுப்படியில் மிளகு ஆட்சி. பாகற்காய் நூறு கறிக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு என்று ஒரு பழைய கணக்கு உண்டு. பலாக்காய் எல்லா மாதமும் கிடைக்காது. பிரண்டைக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை, வேலிக் கருவையில் ஏறிக் கிடக்கும். இளம் தண்டாக ஒடித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, நன்றாக வதக்கித் துவையல் அரையுங்கள். வதக்கல் குறைந்தால் நாக்கு அரிக்கும். எங்கள் வீட்டில் இதோடு கருப்பட்டி எள்ளுருண்டையும் உளுந்த வடையும். இறந்தவருக்குப் பிடித்ததையும் இலையில் வைக்கலாம். அப்பா இலைக்கு ஒரு டம்ளர் கட்டன் காப்பி வைக்கிறோம். பெரியப்பா இதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

கறிச்சோறு படைக்கும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. பொங்கலை ஒட்டியும் தீபாவளிக்கும் படத்தின் முன் புது வேட்டி, சேலையோடு வைப்பார்கள். அது படையல், இது திதி. இரண்டையும் ஒரே நாளில் கலக்காமல் இருந்தால் சரி.

இலை போட்டு வணங்கி, முதல் கவளத்தைக் கூரையிலோ மாடியிலோ வையுங்கள். காக்கை உடனே வரவில்லை என்றால் பதற வேண்டாம். அமாவாசையன்று எல்லா மாடியிலும் சோறு இருக்கும், அதற்கும் வயிறு ஒன்றுதானே. கொஞ்சம் தள்ளி நின்றாலே வரும். மாட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை. யாராவது ஒருவருக்காவது இலை போட்டுச் சாப்பாடு. அதன் பிறகுதான் வீட்டார் உட்கார வேண்டும்.

இரவுக்குப் பலகாரம் ஏதாவது போதும். நோட்டை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். வாசலில் கோலம் மறுநாள் காலையில்.